கால் மணி நேரத் திருடன்

பக்கத்துத் தோட்டத்தில் திருடு போன வாரம்
எனக்கு ஆறு வீட்டு வேலை வந்தது.
பாவந்தான். ஆனாலும் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.
ஊதியூர் மலை தாண்டி மண் தடத்தில் மூன்று கிலோமீட்டர்,
இரண்டு பக்கமும் கிளுவை வேலி,
கொறங்காட்டில் செம்மறிகள்,
அதற்கப்புறம் ஒரு வீடு,
அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

"வாங்க" என்றார் துளசிமணி.
நாய் குரைத்தது. பிஸ்கட் போட்டேன். வாலாட்டியது.
"இதுதானுங்க முதல் ஓட்டை" என்றேன்.
அவர் பார்த்த பார்வையில்
நாய் பிஸ்கட்டைப் பாதியில் விட்டது.

கேமரா மாட்டுவதற்கு முன்னால்
கால் மணி நேரம் நான் திருடனாக இருப்பேன்.
தொழில் அப்படி.
செருப்பைக் கழற்றிவிட்டு
கண்ணைக் கொஞ்சம் இடுக்கிக்கொண்டு
வீட்டை ஒரு சுற்று வருவேன்.

தென்னையில் சாத்திய ஏணி,
மாடிக்கு நீங்களே போட்டுக்கொடுத்த படி.
கேட்டில் செருகிய கல்யாணப் பத்திரிகை,
ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆளில்லை.
குளியலறை ஜன்னலில் நாலு கம்பி, ஒன்று துரு.
மோட்டார் ஓடும்போது எதை உடைத்தாலும் கேட்காது;
மும்முனைக் கரண்ட் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் வருகிறது,
அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.
வாசலில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு.
அதை மட்டும் சொல்லவில்லை.
ஆட்டாங்கல்லுக்கு அடியில் கைவிட்டேன்.
சாவி.

துளசிமணி சிரிக்கவில்லை.
"பத்தொம்பது வருசமா அங்கதானுங்க இருக்குது."

கட்டுத்தறிக்கு ஒரு கேமரா, முன்வாசலுக்கு ஒன்று,
கிணற்று மேட்டுக்கு ஒன்று.
ரெக்கார்டர் பெட்டியை டிவிக்குக் கீழே வைக்காதீங்க,
போகும்போது அதையும் தூக்கிக்கொண்டு போவான்,
புண்ணாக்கு மூட்டைக்குப் பின்னால் வையுங்க என்றேன்.
அந்தப் பேச்சுவாக்கில்
"பீரோ எந்த ரூமுங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"அது உங்களுக்கு எதுக்குங்?"

கையில் ட்ரில்லிங் மெஷின் நின்றுபோனது.
கோணம் பார்க்கத்தான் கேட்டேன்.
சொன்னேன். சொல்லச் சொல்ல
பொய் போலவே இருந்தது.
அப்புறம் டீ வந்தது.
ஆனால் வாசலுக்கே வந்தது.

பாஸ்வேர்டு போடும்போது திரும்பி நின்றுகொண்டேன்.
ஒற்றை விரலால் தட்டினார்,
எழுத்துக்கு எழுத்து மூச்சு விட்டு.
எட்டு எழுத்து.
எண்ணக் கூடாதென்றுதான் நினைத்தேன்.

அன்று ராத்திரி பத்தரைக்கு
என் ஃபோன் அதிர்ந்தது.
அசைவு தென்படுகிறது என்றது.
சோதனைக்குப் போட்ட இணைப்பு, எடுக்க மறந்திருந்தேன்.
கையகலத் திரையில் அவர் வாசல்,
எல்லாம் சாம்பல் நிறம்,
நாயின் கண் இரண்டும் வெள்ளைப் பொட்டு.
ஏணியை இழுத்துக்கொண்டு வந்தார் துளசிமணி.
ஒரு முனையைத் தூக்கி நாலடி,
நின்று, நாலடி.
நிலவில் மாட்டி, திருகி, உள்ளே போனது ஏணி.
சொன்னதைச் செய்கிறார் என்று
முதலில் சந்தோசமாகத்தான் இருந்தது.
படியோரம் பெரிய அளவில் ஒரு ஜோடி ஆண் செருப்பு.
அது நான் சொல்லாதது.

மறுபடி வெளியே வந்தார்.
ஆட்டாங்கல்லுக்கு அடியில் கைவிட்டார்.
சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
தண்ணித் தொட்டியைப் பார்த்தார், விறகைப் பார்த்தார்,
வேப்பமரத்துப் பொந்தைப் பார்த்தார்.
நிமிர்ந்து
நேராக என்னைப் பார்த்தார்.

ஃபோனைக் கவிழ்த்தேன்.
அப்புறம் கட்டைவிரலால் படத்தை மறைத்துக்கொண்டு
இணைப்பை நீக்கினேன்.
நிச்சயமாகவா என்று கேட்டது.
நிச்சயமாக.

இப்போது அந்தச் சாவி எங்கே இருக்கிறதென்று
எனக்குத் தெரியாது.
கேபிளுக்கு இன்னும் எண்ணூறு ரூபாய் வர வேண்டும்.
வாங்கப் போவதென்றால் பொழுதிருக்கப் போக வேண்டும்,
பிஸ்கட் இல்லாமல்.
கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட வேண்டும்.
நாய் குரைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.